படுத்துத்தான் பெற வேண்டுமா?

இரண்டு மாதங்களுக்கு முன்னால் முசரவாக்கத்தில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தேன். முசரவாக்கம் எங்கே இருக்கிறது என்று கேட்கிறீர்களா? காஞ்சிபுரத்தை அடுத்த ஊர். காஞ்சிபுரம் என்றதுமே உங்கள் மனசு பட்டுப் புடவைப் பக்கம் ஓடிவிடும் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்று நான் சொல்ல வந்தது புடவையைப் பற்றி அல்ல.

எனக்கு வெகு நாளாகப் பழக்கமான நெசவாளர் குடும்பம் அது. கூடத்தில் குழித்தறி. அன்று தறிக்கு ஓய்வு. அதற்குப் பக்கத்திலேயே ஜமக்காளம் விரித்து, பெண்ணை மணையில் உட்கார வைத்து, இரண்டு கை நிறைய வளையல் அடுக்கினார்கள். முதல் பிரசவம், ஒன்பதாம் மாதம். அந்தப் பெண்ணுக்குத் தாயார் இல்லை. அதனால் பிரசவத்துக்குப் பிறந்தகம் போகவில்லை. மாமியார் வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

கலந்த சாதங்களை ஒரு கை பார்த்துவிட்டு நான் திண்ணைப் பக்கம் வந்தபோது, அவள் மெதுவாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, உங்ககிட்டே ஒண்ணு கேக்கலாமா? வலி வந்ததும் கட்டில்லே மல்லாக்கப் படுக்க வெச்சுடுவாங்களாமே, குழந்தை பொறக்கிற வரைக்கும் எழுந்திருக்கவே விடமாட்டாங்களாமே? எனக்கு இப்பவே மல்லாந்து படுத்தா மூச்சு முட்டுது, கண்ணு இருட்டுது. அத்தனை நேரம் எப்படிம்மா படுத்திருப்பேன்?"

நான் வாயைத் திறப்பதற்குள் தூணோரமாக உட்கார்ந்திருந்த பாட்டி முந்திக்கொண்டாள். அவள் கணவனுடைய பாட்டி. எண்பது வயசைத் தாண்டியவள்.

"படுத்துக்கினு யாருனா புள்ள பெத்துக்குவாங்களா? தோ பாரு, அந்த உத்தரத்துக் கட்டையிலேதான் கயிறு கட்டுவாங்க. வலி வந்தா அதைப் பிடிச்சிக்கினு குந்துவேன். பின்னால ஒருத்தி தாங்கிப் பிடிச்சுக்குவா. முன்னால மருத்துவச்சி. அஞ்சும் அப்படித்தான் பெத்தேன். அப்புறம் அதே கட்டையிலே தூளி!"

உள்ளேயிருந்து மாமியார் குரல் கொடுத்தாள்: "சும்மா இருங்க அத்தை! அந்தக் காலத்துக் கதையைச் சொல்லிப் பொண்ணைக் குழப்பாதீங்க. டாக்டரம்மா சொல்றபடி கேட்டா போதும்."

பெண் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். வேறு எதையும் கேட்கவில்லை.

ஊருக்குத் திரும்பும்போது வழியெல்லாம் எனக்கு அந்தக் குனிந்த தலைதான் நினைவில் இருந்தது. பாட்டி சொன்னது சரியா, மாமியார் சொன்னது சரியா? எனக்குத் தெரிந்த லேடி டாக்டர்களைக் கேட்டேன், புத்தகங்களைப் புரட்டினேன். சகோதரிகளே, பாட்டி சொன்னதில் பாதி முழுக்க முழுக்கச் சரி. மற்றப் பாதியையும் பாட்டியேதான் எனக்குச் சொன்னாள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கும்பகோணத்தை அடுத்த தாராசுரத்தில் ஐராவதேசுவரர் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். 12-ம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜ சோழன் கட்டிய கோயில். அடுத்த தடவை போகும்போது, சிற்பங்களுக்கிடையே பிரசவ வேதனையில் இருக்கும் ஒரு பெண்ணைத் தேடிப் பாருங்கள். இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் அவளைத் தாங்கிக்கொண்டிருப்பார்கள். சிற்பி அவளைக் கட்டிலில் படுக்க வைக்கவில்லை.

நம் நாட்டில் மட்டுமா? பழைய எகிப்தில் பெண்கள் செங்கற்களின் மேல் குந்தித்தான் பிள்ளை பெற்றார்கள். அப்படிப்பட்ட ஒரு செங்கல், சித்திரம் தீட்டியது, 2001-ல் அபிடோஸ் என்ற ஊரில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தது. ஐரோப்பாவிலோ, நடுவில் லாட வடிவில் வெட்டிய பிரசவ நாற்காலியை மருத்துவச்சிகள் வீட்டுக்கு வீடு தூக்கிக்கொண்டு போவார்கள்.

அப்படியானால் படுக்கை எங்கிருந்து வந்தது? 1668-ல் பாரிஸ் நகரத்தில் மோரிஸோ என்ற வைத்தியர் பிரசவத்தைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். நாற்காலியைவிடக் கட்டிலே நல்லது என்று அதில் எழுதினார். பிற்பாடு ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுக்கும் வழக்கம் பரவியது. அதற்குப் படுக்கைதான் சௌகரியம். யாருக்குச் சௌகரியம் என்பதைக் கவனியுங்கள்: பிரசவம் பார்ப்பவருக்கு! அவர் பார்க்க வேண்டும், கை வைக்க வேண்டும், அவசரமானால் ஆயுதம் போட வேண்டும். அந்தச் சௌகரியமும் அவசியமானதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எப்போதோ வேண்டியிருப்பதை எல்லாருக்கும் எப்போதும் என்று ஆக்கிவிட்டார்கள். அந்தப் பழக்கம் கப்பலேறி நம் ஊர் ஆஸ்பத்திரிகளுக்கும் வந்து சேர்ந்தது.

மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது, கண் இருட்டுகிறது என்று அந்தப் பெண் சொன்னாளே, அது வெறும் பயம் அல்ல. நிறைமாதத்தில் கர்ப்பப்பை கனத்துப்போய்விடுகிறது. மல்லாந்து படுத்தால் அந்தக் கனம் முழுவதும், முதுகெலும்புக்கு முன்னால் ஓடும் பெரிய ரத்தக் குழாய்மேல் விழுகிறது. உடம்பின் கீழ்ப்பாகத்திலிருந்து இருதயத்துக்கு ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய் அது. அது நசுங்கினால் தாய்க்கு ரத்த அழுத்தம் இறங்குகிறது, தலை சுற்றுகிறது, குழந்தைக்குப் போகும் ரத்தமும் குறைகிறது. கடைசி மூன்று மாதங்களில் ஒருக்களித்துப் படுங்கள் என்று டாக்டர்கள் சொல்வது இதற்காகத்தான்.

இன்னொன்று. மல்லாந்தோ, சாய்ந்து உட்கார்ந்தோ இருந்தால், இடுப்பின் பின்பக்கத்து எலும்பும் வால் எலும்பும் கட்டிலில் அழுந்திப்போகின்றன. குழந்தை வெளியே வரும்போது அந்த எலும்புகள் கொஞ்சம் பின்னால் நகர்ந்து வழிவிட வேண்டும். மண்டியிட்டாலோ, குந்தினாலோ, ஒருக்களித்துப் படுத்தாலோ அவை தாராளமாக நகரும். நிமிர்ந்திருந்தால் குழந்தையின் பாரமும் கீழ்நோக்கி இறங்க உதவுகிறது. தேங்காயைக் கிணற்றில் போடுவதற்கும் தரையில் உருட்டுவதற்கும் உள்ள வித்தியாசந்தான்!

இதெல்லாம் வெறும் யூகமா? இல்லை. உலகத்தில் நடந்த வைத்திய ஆராய்ச்சிகளைச் சேர்த்துவைத்து நிறுத்துப் பார்க்கிற காக்ரேன் என்ற அமைப்பு இரண்டு முறை இதை ஆராய்ந்திருக்கிறது. 2013-ல், வலி கண்டு கர்ப்பப்பை வாய் திறக்கும் வரையிலுள்ள முதல் கட்டத்தைப் பற்றி 25 ஆராய்ச்சிகளைப் பார்த்தார்கள். மொத்தம் 5,218 தாய்மார்கள். நடமாடியும் நிமிர்ந்தும் இருந்தவர்களுக்கு அந்தக் கட்டம் சராசரியாக 1 மணி 22 நிமிஷம் குறைந்தது. சிசேரியனும் சற்றுக் குறைந்தது. 1 மணி 22 நிமிஷம் என்பது வெளியில் காத்திருக்கும் புருஷர்களுக்கு ஒரு காபி குடிக்கிற நேரமாக இருக்கலாம். உள்ளே இருப்பவளைக் கேளுங்கள், அது எத்தனை யுகம் என்று!

2017-ல் இரண்டாவது கட்டத்தை, அதாவது முக்கிப் பெறுகிற கட்டத்தை, ஆராய்ந்தார்கள். 9,015 தாய்மார்கள். நிமிர்ந்த நிலையில் இருந்தவர்களுக்கு ஆயுதம் போடுவதும், பிறப்பு வாயைக் கத்தரித்துத் தையல் போடுவதும் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தன. ஆனால் ஒரு குறையும் தென்பட்டது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நிமிர்ந்த நிலையில் பெற்றவர்களில் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் இழந்தவர்கள் சற்று அதிகம். ஆகவே பக்கத்தில் கைதேர்ந்தவர்கள் இருப்பது மிகமிக முக்கியம்.

முதுகுத் தண்டில் ஊசி போட்டு வலி தெரியாமல் பெறுகிறவர்களுக்குக் கணக்கே வேறு. 2017-ல் பிரிட்டனில் அப்படிப்பட்ட மூவாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார்களைப் பார்த்தபோது, முக்குகிற கட்டத்தில் ஒருக்களித்துப் படுத்தவர்களில் நூற்றுக்கு 41 பேருக்கு ஆயுதமில்லாமல் இயற்கையாகப் பிறந்தது. நிமிர்ந்திருந்தவர்களில் 35 பேருக்குத்தான். பார்த்தீர்களா, எல்லாருக்கும் ஒரே நிலைதான் நல்லது என்று கட்டளை போட முடியாது. படுக்கையைப் போலவே குந்துவதையும் கட்டாயமாக்கிவிட்டால் அதுவும் தவறுதான்.

இதனால்தான் உலக சுகாதார ஸ்தாபனம் 2018-ல் வெளியிட்ட சிபாரிசுகளில், சிக்கல் இல்லாத தாய்மார்களை வலிக் காலத்தில் நடமாட ஊக்கப்படுத்துங்கள் என்றும், பெறும்போது நிமிர்ந்த நிலை உள்பட அவளுக்கு எது இசைவோ அந்த நிலையை அவளே தேர்ந்தெடுக்கட்டும் என்றும் சொல்லியிருக்கிறது.

என்னென்ன நிலைகள், என்னென்ன பிடிமானங்கள் என்று கேட்பீர்கள். பெரிய சாமான் எதுவும் வேண்டாம். வலியின் முதல் கட்டத்தில் நடக்கலாம். வலி எழும்போது நின்று, சுவரிலோ, துணைக்கு வந்தவர் தோளிலோ சாய்ந்துகொள்ளலாம். நாற்காலியில் முன்பின்னாகத் திரும்பி உட்கார்ந்து, அதன் முதுகில் தலையணை வைத்துச் சாயலாம். சில ஆஸ்பத்திரிகளில் பெரிய ரப்பர் பந்து வைத்திருக்கிறார்கள். அதன்மேல் உட்கார்ந்து இடுப்பை மெதுவாக அசைத்தால் சுகமாக இருக்கும். நழுவாமல் இருக்க ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

முதுகுப் பக்கம் வலி அதிகமாக இருந்தால், குழந்தை தவழ்வதுபோல முழங்காலையும் கைகளையும் ஊன்றி இருந்து பாருங்கள். முழங்காலுக்கடியில் மடித்த போர்வை போட்டுக்கொள்ள வேண்டும். முக்கும்போது குந்தலாம், ஆனால் பின்னால் ஒருவர் தாங்க வேண்டும், அல்லது கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நெடுநேரம் குந்துவது களைப்பு. வலி எழும்போது குந்தி, அடங்கும்போது சாய்ந்து இளைப்பாறலாம். கயிறும், உருட்டிக் கட்டிய துணியும் பாட்டி காலத்துச் சரக்கு என்று நினைக்காதீர்கள். இன்று வெளிநாட்டுப் பிரசவ அறைகளிலும் கூரையிலிருந்து துணி தொங்குகிறது! ஒன்றும் முடியவில்லை என்றால் ஒருக்களித்துப் படுத்து, மேல் காலை ஒருவர் தூக்கிப் பிடித்துக்கொள்ளலாம். அதுவும் மல்லாந்து கிடப்பதைவிட மேல்தான்.

குந்தி உட்காரும் பழக்கம் இப்போது பட்டணத்துப் பெண்களுக்கு அடியோடு போய்விட்டது. சமையல் மேடையில், சாப்பாடு மேஜையில், குளியலறையில்கூட நாற்காலி உயரந்தான். பிரசவத்தன்று திடீரென்று குந்து என்றால் முழங்கால் எப்படிக் கேட்கும்? ஆறாம் மாதம் தொடங்கி, டாக்டரின் அனுமதி பெற்று, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தினம் கொஞ்சம் பழகுங்கள்.

ஆனால் எல்லாருக்கும் இது பொருந்தாது. ரத்தக் கொதிப்பு, ரத்தப் போக்கு, நஞ்சு கீழே இறங்கியிருப்பது, இரட்டைக் குழந்தை, குழந்தை தலைகீழாக இல்லாமல் திரும்பியிருப்பது, குறைமாதப் பிரசவம் இவற்றில் ஏதாவது இருந்தால் டாக்டர் சொல்வதுதான் வேதவாக்கு. நன்றாக இருக்கும்போதும், குழந்தையின் இருதயத் துடிப்பு குறைகிறது என்று நர்ஸ் சொன்னால், எந்த நிலையில் இருந்தாலும் அவர்கள் சொல்கிறபடி உடனே மாற வேண்டும். கர்ப்பப்பை வாய் முழுதும் திறந்துவிட்டது என்று சொல்வதற்கு முன்னால் பலங்கொண்டு முக்கவும் கூடாது.

இனிப் பாட்டி சொன்ன மற்றப் பாதி.

அன்று நான் புறப்படும்போது பாட்டி வாசல்வரை வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவான குரலில் சொன்னாள்:

"என் ஓரகத்தியும் அதே கயித்தைப் பிடிச்சுக்கினுதாம்மா பெத்தா. புள்ள நல்லாப் பொறந்துச்சு. அப்புறம் உதிரம் நிக்கவே இல்லே. மாட்டு வண்டி பூட்டிக்கினு காஞ்சிபுரம் போனாங்க. பாதி வழியிலேயே போயிட்டா. அந்தப் புள்ளையும் என் பாலைக் குடிச்சுத்தான் வளந்துச்சு."

இதைச் சொல்லும்போது அவள் அந்த உத்தரத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பிரசவத்துக்குப் பிறகு கர்ப்பப்பை இறுகிச் சுருங்காவிட்டால், ஓரிரண்டு மணி நேரத்திலேயே உயிர் போகும் அளவுக்கு ரத்தம் போய்விடும். குழந்தை பிறந்ததும் போடும் ஓர் ஆக்ஸிடோசின் ஊசி பெரும்பாலும் அதைத் தடுத்துவிடும். மீறினால் ரத்தம் ஏற்ற வேண்டும், ஆபரேஷன் செய்ய வேண்டும். இவை எதுவும் உத்தரத்தில் தொங்குவதில்லை. 2018-ம் வருஷம் ஜூலை மாதம் திருப்பூரில், இயற்கைப் பிரசவம் என்று படக்காட்சிகளைப் பார்த்து வீட்டிலேயே பெற்ற ஓர் இளம் பள்ளி ஆசிரியை, இதேபோல ரத்தம் நிற்காமல் இறந்துபோனார். மாட்டு வண்டிக் காலத்தில் இறந்தவளுக்கு வேறு வழியில்லை. இவருக்கு இருந்தது.

2018-20 கணக்குப்படி, உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டில் 54 தாய்மார்கள் இறந்தார்கள்; இந்தியா முழுவதற்கும் 97. நம் எண்ணிக்கை இவ்வளவு இறங்கியதற்கு, ஏறக்குறைய எல்லாப் பெண்களும் ஆஸ்பத்திரியில் பெறத் தொடங்கியது ஒரு முக்கியமான காரணம். அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆகவே, சகோதரிகளே, பாட்டியின் நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டியின் இடத்தை விட்டுவிடுங்கள். எப்படிப் பெறுவது என்பதில் உங்கள் விருப்பத்துக்கு இடம் உண்டு. எங்கே பெறுவது என்பதில் வேண்டாம்.

அந்த விருப்பத்தை எப்போது சொல்வது? வலி எடுத்த பிறகு அல்ல. எட்டாம் மாதப் பரிசோதனைக்குப் போகும்போதே டாக்டரைக் கேட்டுவிடுங்கள். "எனக்குச் சிக்கல் ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் வலிக் காலத்தில் நடக்க விடுவீர்களா? மல்லாந்து படுக்காமல் வேறு விதமாகப் பெற உங்கள் ஆஸ்பத்திரியில் வசதி உண்டா? என்னோடு யார் இருக்கலாம்?" நாலே கேள்விகள். மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கட்டிலின் தலைமாட்டை உயர்த்தவாவது, ஒருக்களித்துப் படுக்கவாவது அநேகமாக எங்கும் இடம் இருக்கும்.

கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கதை உங்களுக்குத் தெரியும். காவேரியில் வெள்ளம், தாயார் அக்கரையில் நின்றுவிட்டாள், பெண்ணுக்கோ வலி கண்டுவிட்டது. சிவபெருமானே தாயார் வேஷத்தில் வந்து பிரசவம் பார்த்தார். வலியில் இருப்பவளுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு தோள் வேண்டும் என்பது ஆண்டவனுக்கே தெரிந்திருக்கிறது. தமிழ்நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 2004 முதலே பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணையை அனுமதிக்கும் ஏற்பாடு வந்துவிட்டது. கயிறோ, பந்தோ, முக்காலியோ இல்லாவிட்டாலும் போகட்டும். நல்ல துணை ஒருத்தி இருந்தால் அவளே பிடிமானம்.

இதையெல்லாம் ஒரு கடிதமாக எழுதி முசரவாக்கத்துக்கு அனுப்பினேன். பெண்ணின் பெயருக்கு அல்ல, மாமியாரின் பெயருக்கு.

போன வாரம் டெலிபோன் வந்தது. பெண் குழந்தை; மூன்று கிலோ. பேசியது மாமியார்தான். "நானேதாம்மா கூட இருந்தேன். டாக்டரம்மாவை முன்னாலேயே கேட்டுட்டோம். ராத்திரி பூரா என் கழுத்தைக் கட்டிக்கினு நடந்தா. கடைசியிலே குந்த முடியலே, ஒருக்களிச்சுப் படுத்துக்கறேன்னா. அப்படியே விட்டுட்டாங்க. என் கையைத்தான் பிடிச்சிருந்தா. இன்னும் வலிக்குது, பாருங்க!"

"பாட்டி என்ன சொல்கிறாள்?" என்று கேட்டேன்.

"அவங்களா? உத்தரத்துக் கட்டையைத் துடைக்கச் சொல்லி ரெண்டு நாளா ஒரே ரகளை. தூளி கட்டணுமாம்!"